ஈயக் குண்டு

டர்பன்டைன் மரம் ஒன்று வயரில் சாய்ந்து
பகல் பன்னிரண்டுக்கே நுவரெலியாவில் கரண்ட் இல்லை.
நாலு மணிக்கு ஆர்கன் கச்சேரி.
சீசன் கூட்டம், கொழும்புக் கார்கள், டிக்கெட்டும் முடிந்தாயிற்று.
மோட்டார் ஓடாமல் குழாய்க்குக் காற்று ஏது?
போதகர் ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்டோருக்கே வந்தார்.
'வீரமலை, நீதானே வாட்டுத் தட்டுக்குக் காற்று விடுகிறவன்?'

அதுவும் இதுவும் ஒன்றா என்று நான் கேட்கவில்லை.
ஸ்டோரும் நின்றிருந்தது.
சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.

கல் கோயிலின் பின்சுவருக்கும் ஆர்கன் பெட்டிக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கச் சந்து.
வெள்ளைக்காரன் காலத்து மரப்பிடி.
எதிரே நூலில் ஓர் ஈயக் குண்டு:
காற்று நிறைந்தால் இறங்கும், தீர்ந்தால் ஏறும்.
சுவரில் பென்சில் கோடு. 'அதைத் தாண்ட விடாதே.'
கட்டை தெரியாது, விரல் தெரியாது,
வாசிப்பவரின் முதுகுகூடத் தெரியாது.
கச்சேரி முழுவதையும் நான் பார்த்தது
அந்தக் குண்டில்தான்.

முதலில் டி க்ரெட்சர்.
தொடங்கிய கையோடு குண்டு துள்ளி ஏறிற்று.
ரம்பொடை இறக்கத்தில் பிரேக் போன லொறி மாதிரி
ஒரு சத்தத்தின் குதிகாலை இன்னொன்று மிதித்துக்கொண்டு
ஓடிற்று ஓடிற்று.
அவர் காலால் மிதித்ததெல்லாம் என் முழங்காலில் அதிர்ந்தது.
அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன்.
பிழை ஒன்று இல்லை.
கெட்டிக்காரன் என்று செவிடனும் சொல்லுவான்.
நான் இறக்க இறக்க அவர் ஏற்றினார்.
மூச்சு விடாமல் ஒரு மனிதன்
எவ்வளவு நேரம் பேசுவான்?

காற்றை அவசரப்படுத்தினால்
கொழுந்தின் ஓரம் கருகும்,
காம்பு பச்சையாகவே கிடக்கும்.
பார்த்தால் தெரியாது. கையில் அள்ளினால் தெரியும்.

கைதட்டல், தகரத்தில் ஆலங்கட்டி.
சந்துக்குள் தலையை நீட்டி என் கையைப் பிடித்தார்.
அவர் கையும் ஈரம். அதுவும் நடுங்கிற்று.
'கொன்றுவிட்டேனா?' என்றார் பாதிச் சிங்களத்தில்.
நல்ல மனிதர்.
கோபப்படவும் வழியில்லை.

பிறகு ஹெப்சிபா டீச்சர்.
பள்ளியில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆர்கன்.
நேரம் நிரப்ப ஒரு ஞானப்பாட்டு, நாலே வரி.
குண்டு அசைகிறதா என்று
கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.
வரி முடிந்த இடத்தில் கையைத் தூக்கினார்.
உடனே தொடங்கவில்லை.
குண்டு தன்பாட்டில் இறங்கி வந்தது.
பிடியில் என் கை சும்மா இருந்தது.
மழை கேட்டது. ஏதோ பிள்ளை இருமியது.
அந்த இருமலும் பாட்டுக்குள்தான் இருந்தது.

மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும்
இந்தப் பெட்டியில் ஒரே சத்தம்தான் என்று
ஜீப்பில் வரும்போது போதகர் சொன்னார்.
அப்படியானால் டீச்சர் எதை வைத்து மெல்லப் பேசினார்?
விட்ட இடத்தை வைத்தா?

மூன்றாம் வரியில் ஒரு கட்டை தவறிற்று.
திரும்பிப் பார்க்கவில்லை.
சேறு ஒட்டிய செருப்போடு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி
அதையும் கூட்டிக்கொண்டு போனார்.
கைதட்டினது கொஞ்சப் பேர்.

கூட்டம் கேட்டதால் கடைசியில் க்ரெட்சர்
அந்த ஓட்டத்தின் வாலை மட்டும் இன்னொரு முறை.
அதே வேகம், அதே லொறி.
ஆனால் கடைசி அடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.
ஒன்று.
இரண்டு.
அழுத்தினேன். குண்டு கோட்டை விட்டு இறங்கிற்று, இன்னும் இறங்கிற்று.
மறந்துபோனாரா?
மூன்று.
அதற்குப் பிறகு வந்தது,
வயிறு நிறைய மூச்சோடு.
ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன.

டீச்சரைக் கேட்டதாலா,
காற்று பத்தாது என்ற பயமா,
சந்துக்குள் ஓர் ஆள் நிற்பது ஞாபகம் வந்ததா,
கேட்க முடியவில்லை. வெளியே வந்தபோது கார் போய்விட்டிருந்தது.

கவரில் மூவாயிரம், மேலே ஒரு துண்டு கேக்.
இரவு ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
நனைந்த கொழுந்து தட்டு நிறையக் கிடந்தது.
ஃபேன் சுவிட்சில் விரலை வைத்தேன்.
போடவில்லை.

'என்னடா பார்க்கிறாய்?' என்றார் டீமேக்கர்.